தெருமுனை

செஸ்ட்நட் வறுத்து விற்கிறவன் நான், போர்ட்டோவில்.
என் வண்டி நிற்கும் முனையிலிருந்து
மேல்தெருவும் தெரியும், கீழ்த்தெருவும் தெரியும்.
இதைச் சொல்ல எனக்கிருக்கும் தகுதி அவ்வளவுதான்.

நவம்பர். மேல்தெருவில் ஒருத்தி
பழப்பெட்டியைக் கவிழ்த்து உட்கார்ந்தாள்,
இடுப்பில் கயிற்றைக் கட்டினாள், கண்ணை மூடிக்கொண்டாள்.
கயிறு என் சக்கரத்தை உரசித் திரும்பி
சரிவில் இறங்கி வங்கிப் படியில் முடிந்தது.
அங்கே கல்லில் சாக்பீஸ் எழுத்து:
பிடியுங்கள். மறுமுனையில் ஓர் ஆள்.

முதல் ஒரு மணி நேரம் எல்லோரும் தாண்டினார்கள்,
சாக்கடையைத் தாண்டுகிற மாதிரி.
ஒருவர் குடைநுனியால் தொட்டுப் பார்த்தார்,
ஷாக் அடிக்குமோ என்று.
"நம் வரிப்பணம்" என்றாள் மருந்துக்கடை ஃபிலொமேனா,
என்னிடம் சில்லறையை இரண்டு தரம் எண்ணி வாங்கியபடி.
இழுவைப்படகில் வேலை பார்த்த கிழவர் குனிந்தார்,
"இதுவா முடிச்சு" என்று அவிழ்த்து
வேறு முடிச்சுப் போட்டுவிட்டுப் போனார்.
யாரோ நாயைக் கட்டிவிட்டு வங்கிக்குள் போக,
நாய் இழுத்தது; அதே அளவு அவளும் இழுத்தாள்;
நாய் உட்கார்ந்து யோசித்தது.

பிறகு பள்ளிக்கூடப் பையன்கள், நாலு பேர்.
ஒன்று, இரண்டு, மூன்று!
பெட்டி நழுவியது. அவள் முழங்கால் கல்லில் தேய்ந்தது.
கண்ணைத் திறக்கவில்லை.
கீழே அவர்கள் சிரித்தார்கள்.
அவர்களுக்குத் தெரிந்தது கயிறு மட்டும்.
முழங்கால் எனக்குத் தெரிந்தது.
நான் கத்தியிருக்கலாம்.
என் கையில் கரண்டி இருந்தது.

போலீஸ்காரர் வந்தார். எந்த முனைக்கு அபராதம் எழுதுவது?
இரண்டு தரம் ஏறி இறங்கினார்,
மூச்சு வாங்க என்னிடம் தண்ணீர் கேட்டார்.

நாலரைக்கு, வங்கியைத் துடைக்கிற ஜுல்மீரா
படியில் உட்கார்ந்து கயிற்றை எடுத்தாள்.
இழுக்கவில்லை. மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றி
தலையைச் சுவரில் சாய்த்துத்
தூங்கிவிட்டாள்.
மேலே இவள் மூக்கில் ஈ உட்கார்ந்தது.
விரட்டக் கையைத் தூக்கியவள், பாதியில் நிறுத்தினாள்.
பத்து நிமிடம் அப்படியே.
கயிற்றில் என்ன வந்ததோ, எனக்குத் தெரியாது.
நான் சக்கரத்தின் பக்கம் காலைக்கூட வைக்கவில்லை.

இருட்டியதும் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே வந்தாள்.
"கடைசியில் பிடித்திருந்தது யார்?"
சொன்னேன். நாயையும் சொன்னேன்.
கயிறு திரிக்கிறான் என்று நினைத்திருப்பாள், சிரித்தாள்.
பையன்களைப் பற்றி அவள் கேட்கவில்லை.
ஒரு பொட்டலத்துக்குப் பன்னிரண்டு.
நாலு கூடப் போட்டுக் கொடுத்தேன்.