பென்சில் கோடுகள்

ஈரி ஏரிக்கரையில் பனி உருகும் மார்ச் மாதம்
என் ஃபோன் ஓயாது.
"அவசரமில்லை, சும்மா ஒருதரம் வந்து பாருங்கள்"
என்றுதான் எல்லோரும் ஆரம்பிப்பார்கள்.
மெர்ல் ஆஸ்ட்ராண்டரும் அப்படித்தான்.

வீட்டு முகப்புக்குப் புது வர்ணம்,
வெந்த முட்டையின் மஞ்சள்.
பெயிண்ட் வாசம்கூடப் போகவில்லை.
கதவைத் திறந்ததும்
அதற்கு அடியிலிருந்து இன்னொரு வாசம் வந்தது,
நனைந்து காயாத சாக்கு மாதிரி.
அவர் மூக்குக்கு அது பழகிவிட்டிருந்தது.

படி இறங்கினோம்.
பேஸ்மெண்ட் சுவரில் பென்சில் கோடுகள்.
ஒவ்வொன்றின் பக்கத்திலும் தேதி.
பேரப்பிள்ளைகளின் உயரமோ என்று குனிந்தேன்.
தண்ணீரின் உயரம்.
பதினோரு வருடத்துக்கு முந்தைய ஏப்ரலில் ஒரு விரல்கடை.
அதற்கு மேலே கணுக்கால்.
போன நவம்பரில்
வாஷிங் மெஷினின் கதவு வரை.
"ஒன்றைக்கூட விட்டதில்லை" என்றார்.
ரயில் கம்பெனியில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர்,
இலக்கங்கள் அச்சடித்தது போலிருந்தன.
பென்சில் தேடிய நேரத்தில்
என்று ஏதோ என் நாக்கு நுனிவரை வந்தது.
விழுங்கிக்கொண்டேன்.

சமையலறைக்குக் கீழே பேஸ்மெண்ட் இல்லை.
மண்ணுக்கும் தரைப்பலகைக்கும் நடுவே
முழங்கை ஊன்றி நுழைகிற இருட்டு மட்டும்.
தலைவிளக்கோடு மல்லாந்து ஊர்ந்தேன்.
வீட்டுக்காரர்கள் பார்க்காத பக்கத்திலிருந்து
வீட்டைப் பார்ப்பதுதான் என் பிழைப்பு.
உத்தரங்களில் பூஞ்சை,
பிய்த்து ஒட்டவைத்த பஞ்சு போல.
ஸ்க்ரூ டிரைவரை வைத்தேன்.
அழுத்தவில்லை, வைத்தேன்.
பிடிவரை போயிற்று.

மேலே அவர் மனைவி அயோன்
எனக்காகக் காப்பி போட்டுக்கொண்டிருந்தாள்.
அவள் செருப்பு
என் நெற்றிக்கு நாலு அங்குலம் உயரத்தில்
அடுப்புக்குப் போயிற்று, அலமாரிக்கு வந்தது.
ஒவ்வோர் அடிக்கும்
ஈர மரத்துகள் என் இமையில் உதிர்ந்தது.
நில்லுங்கள் என்று கத்தினால்
திடுக்கிட்டுத் துள்ளிவிடுவாளோ என்று
மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன்.

வெளியே வந்து வீட்டைச் சுற்றினேன்.
வடகிழக்கு மூலையில்
கூரைத் தண்ணீர் இறங்கும் குழாய்
தரைக்கு ஒரு முழம் முன்னாலேயே முடிந்திருந்தது.
கடைசித் துண்டு புல்லுக்குள் கிடந்தது.
புல்வெட்டும் மெஷின் இடித்துக் கழன்றதாம்.
"எப்போது?"
"முதல் கோட்டுக்கு முந்தின கோடையில்" என்றார்.
சொன்ன பிறகுதான்
தான் சொன்னது அவர் காதில் விழுந்தது.

தகரத் துண்டு. பன்னிரண்டு டாலர்.
இரண்டு திருகாணி.
நான் எழுதிக் கொடுத்த தாளில்
அந்த மஞ்சள் பெயிண்டை
இருபது முறை வாங்கலாம்.
அவசரமில்லை என்று அவர் சொன்னது
தண்ணீருக்குச் சரிதான்.
அதற்கு எப்போதும் அவசரமில்லை.

"குளிர்காலம் முழுக்க இருமினேனே,
இதனாலா?" என்று அயோன் கேட்டாள்.
நான் டாக்டர் இல்லை என்றேன்.
காப்பியைக் கூடத்தில் நின்றபடியே குடித்தோம்.
சமையலறைக்குள் யாரும் போகவில்லை.
நாளை காலை ஏழு மணிக்கு
முட்டுக்கட்டைகளோடு வருவதாகச் சொன்னேன்.
மெர்ல் காதிலிருந்து பென்சிலை எடுத்தார்,
பிறகு எங்கே எழுதுவது என்று தெரியாமல்
கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"டாரீன் கிரெக்கோ, நீர்க்கசிவு நிபுணர்"
என்று பக்கவாட்டில் எழுதிய என் வேனை
இருட்டிய பிறகு வாசலில் நிறுத்தினேன்.
என் பேஸ்மெண்ட் படிக்கு அடியிலும்
ஒரு வாளி இருக்கிறது, சிவப்பு வாளி.
இரண்டு வருடமாய்
ஞாயிற்றுக்கிழமைதோறும் ஊற்றிவிடுகிறேன்.
ஊரார் வீட்டு விரிசலுக்கெல்லாம்
ஒரு வாரத்தில் ஆள் அனுப்புகிறவள்.

கோட்டைக்கூடக் கழற்றாமல் இறங்கினேன்.
வாளியைக் கவிழ்த்தேன்.
உள்பக்கம் வெள்ளை வெள்ளையாய் வளையங்கள்,
ஒன்றின் மேல் ஒன்று.
தண்ணீர் நின்று நின்று
தானே போட்டுக்கொண்ட கோடுகள்.
எண்ணவில்லை.
டார்ச்சை எடுத்துக்கொண்டு
சுவர்ப்பக்கம் போனேன்.