இரண்டு கிணறு

தலன்சத்கத்தில் மைனஸ் இருபத்தெட்டு.
ஜன்னலின் உள்பக்கத்திலும் உறைபனி.
என் கணினியில் நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு கிணறுகள்,
ஒன்றிலும் சொட்டுத் தண்ணீர் இல்லை.

ஏழு வருடம், பதினான்கு பேர்
கோபி முழுக்க ஜீப்பில் அலைந்து எழுதி வந்தவை.
ஒருவர் புள்ளி வைக்கும் இடமெல்லாம் கமா வைத்திருந்தார்.
ஒருவர் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் மாற்றிப் போட்டதில்
பதினொரு கிணறுகள் வட துருவத்தையும் தாண்டி
பூமியே இல்லாத இடத்தில் தோண்டப்பட்டிருந்தன.

போன கோடையில் துல்மாவும் நானும்
ஒவ்வொன்றாய்த் திருத்தினோம்.
ஆகஸ்ட் முடிகையில் அறுநூறைத் தொட்டோம்.
துல்மாவின் மணிக்கட்டில் கட்டு.

அதனால்தான் எழுதினேன், தொண்ணூற்றாறு வரிகள்:
கமாவைப் புள்ளியாக்கு.
அட்சரேகை தொண்ணூறைத் தாண்டினால் திருப்பிப் போடு.
ஒரே பெயரில், ஐம்பது மீட்டருக்குள், இரண்டு கிணறா?
ஒன்றை வை.
மற்றதை எடு.

வியாழன் மாலை நிரலை ஓடவிட்டுத்
தேநீர் போடப் போனேன்.
பால் பொங்குமுன் முடிந்துவிட்டது.
துருவம் தாண்டிய பதினொன்றும் வீடு திரும்பியிருந்தன.
துல்மா மணிக்கட்டைத் தடவிக்கொண்டே திரையைப் பார்த்தாள்.
"ஆகஸ்ட் முழுக்க" என்றாள்.
வேறெதுவும் சொல்லவில்லை.

பிப்ரவரியில் ஒரு தொலைபேசி.
கோயோர் குதக்கிலிருந்து, ஞாம்சுரேன் என்ற பெண்.
பம்ப் பழுதென்று நவம்பரிலேயே எழுதித் தந்தாளாம்.
யாரும் வரவில்லை.
பட்டியலைப் பார்த்துப் படித்தேன்:
கோயோர் குதக். கிணறு ஒன்று. இயங்குகிறது.
"எது?" என்றாள்.
"எது என்றால்?"
கொஞ்ச நேரம் காற்றின் இரைச்சல் மட்டும்.
"பெயரை இன்னொரு தடவை, மெதுவாய்ப் படியுங்கள்."

கோயோர் என்றால் எங்கள் மொழியில் இரண்டு.
குதக் என்றால் கிணறு.
நிரலுக்கு மொங்கோலியன் தெரியாது, சரி.
எனக்கு?

முப்பத்தெட்டு மீட்டர் இடைவெளி.
ஒன்று உவர், ஒட்டகங்களுக்கு.
மற்றது ஆட்களுக்கு. பழுதானது அதுதான்.
நிரல் வைத்துக்கொண்டது உவரை;
கோப்பில் அது ஒரு வரி முன்னால் இருந்தது,
அவ்வளவுதான் காரணம்.
பழுது என்ற சொல்லும் கிணற்றோடு சேர்ந்து போயிற்று.

"நாங்கள் தேநீரில் உப்புப் போடுகிறவர்கள்தான்" என்றாள்,
"ஆனால் அளவு எங்கள் கையில் இருக்கும்."
கோபமாய்ச் சொல்லியிருந்தால்
தாங்கிக்கொண்டிருப்பேன்.

பழைய பிரதி துல்மாவின் பென் டிரைவில் இருந்தது.
எடுத்துவைக்க எனக்குத் தோன்றியிருக்கவில்லை.
இருநூற்றுப் பதினேழு ஜோடிகள்.
நான்கு நாட்கள், தொலைபேசியும் காதுமாய்.
"உங்கள் பக்கம் கிணறு ஒன்றா, இரண்டா?"
பைத்தியமா என்று கேட்டார் ஒருவர்.
ஒரு கூடாரத்தில் கணவன் ஒன்று என்றான்,
மனைவி இரண்டு என்றாள்,
பின்னணியில் வாக்குவாதம் வளரவே
மெல்ல வைத்துவிட்டேன்.
பெரும்பாலும் நிரல் சொன்னதுதான் சரி.
ஒன்பது இடத்தில் இல்லை.

மார்ச் நாலாம் தேதி லாரி போனது.
பம்ப் பொருத்தியதும் ஓட்டுநர் படம் அனுப்பினார்:
வாளி, பனி, யாருடையதோ கையுறை.

நிரல் இப்போது நூற்று முப்பத்தொரு வரி.
ஐம்பது மீட்டர் என்ற இடம் வந்தால் அழிப்பதில்லை,
நின்று என்னைக் கேட்கிறது.
நானும் யாரையாவது கேட்கிறேன்.
பட்டியலில் ஒரு கட்டம் புதிது: ருசி.
தலைமையகத்தில் சிரித்தார்கள்,
எந்த அலகில் அளப்பாய் என்றார்கள்.

இரவு பதினொன்றுக்கு அது தானாகவே ஓடி
ருசி தெரியாத கிணறுகளை எண்ணி எழுதிவைக்கிறது.
நேற்று மூவாயிரத்து எண்ணூற்று எழுபத்தேழு.
இன்று ஒன்று குறைவு.
கால்நடை மருத்துவர் போகிற வழியில் குடித்துப் பார்த்தாராம்:
"இரும்பு வாடை. பரவாயில்லை."