ஐந்து மதிப்பெண்

கால்நடைப் பாடநூலின் இருநூற்றுப் பதினாலாம் பக்கத்தில்
அரைப்பக்கம் கிடைத்திருக்கிறது அவருக்கு.
ஆதல்பெர்ட் ரூம்போல்ட்.
பிறப்பு சைலீசியா, மாவாலைக்காரர் மகன்.
இறப்பு அதே ஊர், மார்ச்சளி.
நடுவில் நாற்பத்தோரு ஆண்டுகள்
மாடுகளை அளந்தார்.

தாடிக்குள் வாய் தெரியாத படம்.
எனக்கு முன் இந்தப் புத்தகத்தை வைத்திருந்தவன்
அவருக்குக் கூலிங்கிளாஸ் வரைந்திருக்கிறான்.

துறைத்தேர்வில் கட்டாயம் வருவார் என்றார்கள்.
வடபழஞ்சி போகும் வழியெல்லாம்
ஸ்கூட்டியில் அவரை மனப்பாடம் செய்தேன்:
இனத்தின் தூய்மை நிலையானது என்றார்,
கலப்பு கறை என்றார்,
பதிவேட்டில் இல்லாத மாடு
பிறக்காத மாடு என்றார்.
காலடியில் நைட்ரஜன் கேன் ஆமாம் போட்டுக் குலுங்கியது.
அதற்குள் உறைந்து கிடந்தார்கள்
வெறும் எண்களே பெயரான பதினெட்டு அப்பன்மார்.

நாகமலை அடிவாரத்தில் கிடை.
இருநூறு உருப்படி, அத்தனையும் புலிக்குளம்.
சினை ஊசி வேண்டாம் என்றார் பெத்தணன்,
கணக்கெடுப்பென்றால் எடுத்துக்கொள்ளச் சொன்னார்.
நாடாவை நெஞ்சைச் சுற்றிப் போடும்போது
அவர் சொல்லிக்கொண்டே வந்தார்:
"இது கூழைவால் மக.
அது, வைகை கரைபொரண்ட வருசம் செத்த மயிலையோட பேத்தி.
அந்தக் காரி கோவக்காரி. அவ ஆத்தாளும் அப்படித்தான்,
ஆத்தாளுக்கு ஆத்தாளும்."

"அப்பன்?"

"வேலி தாண்டி வந்தவன் அப்பன். எழுதிக்கங்க டாக்டரம்மா."

'தந்தை' என்ற கட்டத்தில் கோடு போட்டேன்.
பதினேழு கோடுகள்.
சைலீசியாவில் ஒரு தாடி துடித்திருக்கும்.

ரூம்போல்ட்டைப் பற்றிச் சொன்னேன்.
பொறுமையாகக் கேட்டுவிட்டு,
"அவரு எத்தனை உருப்படி வச்சிருந்தாரு?" என்றார்.
புத்தகத்தில் இல்லை.
"கைய விட்டுக் கன்னு எடுத்திருக்காரா?"
அதுவும் இல்லை.

இரவு, அரைப்பக்கத்தின் அடியில்
எறும்பெழுத்தில் ஓர் அடிக்குறிப்பு கண்ணில் பட்டது.
கடைசி ஆண்டில், தன் மந்தையின் சிறந்த கறவையைத்
தானே பதிவேட்டிலிருந்து நீக்கினார்.
அதன் அப்பன் பக்கத்துப் பண்ணையின் வண்டிக்காளை என்று
பால்கறக்கும் பெண்ணொருத்தி
சாகக் கிடக்கையில் சொல்லிவிட்டாளாம்.
மறுவாரம் மீண்டும் எழுதினார்.
காரணம் குறிப்பிடவில்லை.

அந்த ஏழு நாள் என்ன செய்தார்?
தொழுவத்தில் லாந்தர் எரிகிறது.
வெளியே பனி, நான் பார்த்திராத பனி.
அளக்க எதுவும் மிச்சமில்லாமல்
முக்காலி போட்டு அதன் எதிரே உட்கார்ந்திருக்கிறார்.
அது பாட்டுக்கு அசைபோடுகிறது.

வினாத்தாளில் அடிக்குறிப்பு வரவில்லை.
பங்களிப்பை விவரிக்கச் சொன்னார்கள்.
தூய்மை, கறை, பதிவேடு.
நான்கரை வாங்கினேன்.

நேற்று காரி ஈன்றது.
நெற்றியில், அந்தக் கிடையில் எவளுக்கும் இல்லாத
வெள்ளைச் சுட்டி.
படிவத்தோடு போய் நின்றேன்.
"யாரு சாயல்?"

பெத்தணன் அதன் மூக்கைத் துண்டால் துடைத்தபடி
தலை நிமிராமல் சொன்னார்:
"கன்னுக்குட்டி சாயல்."