பதினோரு பங்கு

பள்ளத்தூர் என்று பேர்தான்.
தட்டையான ஊர்.
உருள்வதற்கு இருக்கிற ஒரே சரிவு ஊரணிக் கரை.
அதைக் கண்டுபிடித்துப் போயிருந்தது
வயிரவ விலாசத்து மாரிஸ் மைனர்,
செவ்வாய் இரவு, ஆளில்லாமல்.

முன்சக்கரம் இரண்டும் படியில்.
பம்பரில் ஓர் அல்லித்தண்டு.

விடிவதற்குள் இரண்டு கட்சி.
உமையாள் ஆள்விட்டு பிரேக்கை இறக்கினாள் என்றது ஒன்று.
விற்கவிடாமல் செய்ய சோலையப்பன் பார்த்த வேலை
என்றது மற்றொன்று.
வீட்டுக்குப் பதினோரு பங்கு.
வண்டிக்கும் அதே பதினோரு பங்கு.
என்னைக் கூப்பிட்டது
சரி பண்ண அல்ல,
சாட்சி சொல்ல.

லீவர் மேலேதான் நின்றது.
யாரும் இறக்கவில்லை.
இழுத்துப் பார்த்தேன், கருங்கல் மாதிரி இறுக்கம்.
'இவ்வளவு இறுகின பிரேக் எப்படி உருளும், சவரி?'
இறுக்கம் கையில் இருக்கிறது அண்ணே,
சக்கரத்தில் இருக்கிறதா பார்ப்போம்.

மேட்டுக்கு இழுத்து
முன்சக்கரத்துக்குக் கல் கொடுத்து
பின்பக்கம் ஜாக்கி ஏற்றினேன்.
லீவர் மேலே இருக்க, இடது சக்கரத்தை
ஒரு விரலால் சுற்றினேன்.
சுற்றியது.
சுற்றிக்கொண்டே இருந்தது.
சோலையப்பன் வேறு பக்கம் பார்த்தார்.

வலது பிடித்தது,
கொஞ்ச நேரம்,
பிறகு வழுக்கியது,
கடன் கேட்டால் சரி என்று சொல்லிவிட்டு
மெல்ல நழுவுகிறவர் போல.

லீவருக்கு அடியில் இரண்டு நட்டு.
மரை முக்கால் அங்குலம் வெளியே தெரிந்தது.
படைப்புக்கு வந்தவர் அரைச் சுற்று,
சாந்திக் கல்யாணத்துக்கு வந்தவர் அரைச் சுற்று,
பினாங்கிலிருந்து வந்தவர் தன் பங்குக்கு ஒன்று.
கேபிளை இறுக்க ஸ்பானர் போதும், வேட்டி அழுக்காகாது.
டிரம்மை யாரும் கழற்றவில்லை.

நான் கழற்றினேன்.
துரு வளையத்தைச் சுத்தியல் தட்டித் தட்டிச் சம்மதிக்க வைத்து.
உள்ளே செம்மண் தூசி, ஒரு குளவிக் கூடு.
லைனிங் ரிவெட்டு வரை தேய்ந்திருந்தது.
வலது ஷூவில் அச்சு எண்ணெய்;
சீல் கிழிந்து எத்தனை வருஷமோ.
இடது கேபிள் உறைக்குள்ளேயே துருவேறி உறைந்திருந்தது.
லீவர் அதைத்தான் இழுத்துக்கொண்டிருந்தது இத்தனை நாளும்,
எங்கேயும் போகாத ஒன்றை.

கேபிள் சென்னையிலிருந்து வர நாலு நாள்.
நாலு நாளும் இரண்டு கட்சியும் தனித்தனியாக
எனக்குக் காபி அனுப்பின.

புது ஷூ, புது சீல்.
கேபிளைத் தொங்கவிட்டு,
முதலில் அட்ஜஸ்டர்.
சக்கரத்து ஓட்டை வழியே ஸ்க்ரூடிரைவர்.
திருப்பு, திருப்பு, டிரம் பூட்டிக்கொள்ளும் வரை.
ஒரு பல் பின்னால்.
பெடலை ஓங்கி மிதித்து ஷூவை உட்காரவைத்து
மறுபடி சுற்றிக் காது கொடுத்தேன்.
பட்டும் படாமலும் ஓர் உரசல், அவ்வளவு இருக்கலாம்.
முதல் மிதிக்குப் பாதாளம் போய்
மூன்றாவது மிதிக்கு ஏறிவந்த பெடல்
இப்போது முதல் மிதியிலேயே நின்றது.
காற்று இல்லை உள்ளே, இடைவெளிதான் இருந்திருக்கிறது.

கடைசியில்தான் நட்டைத் தொட்டேன்.

கரைச் சரிவில் நிறுத்தி
கிளிக், கிளிக், கிளிக்.
காலை எடுத்தேன்.
நின்றது.
பதினோரு பேரில் ஊரில் இருந்த நாலு பேரும்
மூச்சை அடக்கி நின்றார்கள், தனித்தனியே.

'அப்போ யார்தான் இறக்கினது?' என்றார் சோலையப்பன்.
எல்லாரும் இறுக்கியிருக்கிறீர்கள், என்றேன்.
உமையாள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

பில் நாலாயிரத்து முந்நூற்று ஐம்பது.
தலைக்கு முந்நூற்றுத் தொண்ணூற்றைந்து.
மீதி ஐந்து ரூபாய் யார் கணக்கு என்று
இருட்டும் வரை பேசினார்கள்.

நான் கிளம்பும்போது
யாரோ பின்சக்கரத்துக்கு ஒரு கல் வைத்தார்.
எந்தக் கட்சி என்று பார்க்கவில்லை.
சரிவு முன்னால் இருக்கிறது, கல் பின்னால் இருந்தது.
எடுத்து
முன்னால் வைத்துவிட்டு வந்தேன்.