ஒன்றரை மீட்டர் ரப்பர் குழாய்

முகாம் வாசலில் சங்கிலி.
பூட்டின் மேல் யாரோ பிளாஸ்டிக் பை சுற்றி
மழைக்குக் குல்லாய் போட்டிருந்தார்கள்.
நவம்பர் இரண்டாம் வாரம்.
கோடையில் ஐந்நூறு கூடாரம் நிற்குமாம் இங்கே.
இப்போது எங்கள் வேன் ஒன்று,
கவிழ்த்துப் போட்ட மிதிபடகுகள் பதினேழு.
அன்னங்களின் கழுத்தை மட்டும் கழற்றி
கொட்டகையில் தனியே அடுக்கியிருந்தது.

ப்ரெஸ்பா ஏரி
கரையை விட்டு இறங்கிப் போயிருந்தது.
படகுத்துறை மணலில் நின்றது.
தண்ணீருக்கு இன்னும் நூறு தப்படி என்று
அதனிடம் யாரும் சொல்லவில்லை.

மூன்று நாளாக ஹீட்டர் இருமுகிறது.
இரவில் விட்ட மூச்சு கண்ணாடியில் உறைந்துவிடும்.
காலையில் அதை
காலாவதியான வங்கி அட்டையால் சுரண்டுவேன்,
என்னுடையதா யோரிஸுடையதா என்று தெரியாமல்.
கூட்டம் இருக்காது என்றுதான் வந்தோம்.
கூட்டம் இல்லை.
ஆறு சதுர மீட்டரில்
இரண்டு பேர் எவ்வளவு அதிகம் என்பது
அப்போதுதான் தெரிந்தது.

காவலாளி ஸ்பாசே வந்தார்.
சாவி கொண்டு வரவில்லை, வாளி நிறைய ஆப்பிள்.
சந்தைக்குத் தேறாதவை, ஒரு பக்கம் ஆலங்கட்டி வடு.
"குழாயெல்லாம் வடித்தாயிற்று,
தண்ணீர் ஏப்ரலில்தான்" என்றார்,
ஏப்ரல் ஏதோ அடுத்த பஸ் மாதிரி.
பிறகு வேனைச் சுற்றி நடந்தார்.
பின்கதவைச் சாண் போட்டு அளந்தார்.
ஐந்து. கொஞ்சம் யோசித்து, ஐந்தரை.
"போதும்."

எதற்குப் போதும் என்று கேட்பதற்குள்
தள்ளுவண்டியில் ஒரு சலவை இயந்திரம் வந்தது.
மலைக்கு அந்தப் பக்கம் இன்னோர் ஏரி,
அதன் கரையில் மகள்,
இரட்டைக் குழந்தைகள், ஈரத் துணி,
சுவிஸில் கான்கிரீட் போடும் மருமகன்:
அரைகுறை ஜெர்மனும் கைஜாடையுமாக
இவ்வளவையும் சொல்லி முடித்தபோது
இயந்திரம் எங்கள் படுக்கையின் மேல் இருந்தது.

கொடிக்கயிற்றால் கட்டினோம்.
கன்றுக்குட்டியைப் பிடிப்பதுபோல்
பின்னால் அணைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.
ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும்
உருளை தானாகச் சுழன்றது.
காலியாக, கடகடவென்று,
வந்த பாதையைத் துவைத்துக்கொண்டே வந்தது.

உச்சியில் நிறுத்தச் சொன்னார்.
ஒரு கையை நீட்டி, ப்ரெஸ்பா.
மறு கையை நீட்டி, ஓஹ்ரித்.
இரண்டு பக்கமும் ஒரே மூடுபனி.
யோரிஸ் படம் எடுத்தான், மரியாதைக்கு.
இந்த ஏரித் தண்ணீர் மலைக்கு அடியில்
பாறைக்குள்ளேயே நடந்து
அந்த ஏரிக்குப் போய்விடும் என்றார்.
இயந்திரத்தைத் தட்டி,
"இதற்குத்தான் அந்த வழி தெரியாது."
நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரித்தோம்.
எத்தனை நாள் கழித்து என்று நான் எண்ணவில்லை.

ரிஸ்தானா கதவைத் திறந்தாள்,
இடுப்பில் ஒன்று, தோளில் ஒன்று.
அப்பாவை ஏசினாள், எங்களுக்குச் சூப் ஊற்றினாள்,
இரண்டும் ஒரே மூச்சில்.
தோளிலிருந்ததை என்னிடம் தந்துவிட்டு
இயந்திரத்தின் மூடியைத் திறந்து
உள்ளே தலையை விட்டுப் பார்த்தாள்.

மூன்றாம் நாள், எல்லைக்கு அப்பால்,
போர்வை மடிக்கும்போது கிடைத்தது
ஒன்றரை மீட்டர் ரப்பர் குழாய்.
தண்ணீர் விடுகிற குழாய்.
அது இல்லாமல் அங்கே நிற்பது
வெறும் வெள்ளைப் பெட்டி.

"எந்தக் கடையிலும் கிடைக்கும்,
இதற்குள் வாங்கியிருப்பாள்" என்றான் யோரிஸ்.
இருக்கலாம்.
குழாயைச் சாய்த்தேன்.
ஒரு மிடறு பழைய தண்ணீர்
என் கால்மேல் விழுந்தது.
அவன் எதுவும் சொல்லாமல் வண்டியைத் திருப்பினான்.

எல்லைச்சாவடியில் அதே இளம் காவலர்.
எங்கே போகிறீர்கள்?
கோடை முடிந்ததிலிருந்து
எந்தச் சாவடியிலும் இதற்கு
'சும்மா' என்றுதான் சொல்லிவந்தோம்.
யோரிஸ் ஜன்னலை இறக்கி
குழாயைத் தூக்கிக் காட்டினான்.