இரைச்சல் நீக்கி

பொம்மனஹள்ளியில் மூன்றாம் மாடி.
கீழே பாத்திரக்கடை, மேலே தண்ணீர்த் தொட்டி,
நடுவில் ஆறாயிரத்து நானூறு வாய்கள்
என் கணினியில் திறந்து கிடக்கின்றன.

பெயரில்லை. ஊரில்லை.
கோப்பின் ஓரத்தில் ஓர் எண், வயது, ஆ அல்லது பெ.
கறுப்பு என்றால் காற்று, இல்லாவிட்டால் சொத்தை.
வெள்ளை என்றால் யாரோ காசு கொடுத்து அடைத்தது.
இடையில் இருநூற்றுச் சொச்சம் சாம்பல்கள்.
அதில்தான் எனக்குச் சம்பளம்.

படமெங்கும் ரவை சிந்தியதுபோல் இரைச்சல் இருக்கும்.
ஐந்துக்கு ஐந்து கட்டம் ஒன்றை மேலே நகர்த்தினால்
ஒவ்வொரு புள்ளியும் அக்கம்பக்கம் பார்த்து
நடுவாந்தர நிறத்துக்கு மாறிக்கொள்ளும்,
ஊரோடு ஒத்துப்போகும்.

2093. பெ, 38.
கடைவாய்ப் பற்கள் நான்கும் மொட்டை.
மேடும் பள்ளமுமாக இருக்கவேண்டிய இடம்
கேரம் போர்டு மாதிரி சமதளம்.
சொத்தை, அடைப்பு, வேர் சிகிச்சை, இல்லாத பல்:
மென்பொருளுக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.
'இயல்பு' என்றது.
பல்லைக் கடித்துக்கொண்டு இரு என்று
யாரோ சொல்லியிருக்கிறார்கள்.
இவள் அப்படியே செய்திருக்கிறாள்.

இரைச்சலை நீக்கும் முன்
கீழ்த்தாடை ஆறாம் பல்லில், தலையிலிருந்து வேர்வரை,
மயிரிழையாக ஒரு கோடு.
நீக்கிய பின் இல்லை.
திரும்பப் போட்டேன், இருந்தது.
நீக்கினேன், இல்லை.
பதினோரு தடவை.

அறைத்தோழி பூர்ணகலா
சொல்லிக்கொண்டுதான் இருக்கிறாள்:
ராத்திரி நறநறன்னு கடிக்கிறே,
எலின்னு நெனச்சு லைட்டப் போட்டேன்.
நான் நம்பியதில்லை. தூங்குகிறவளுக்கு எப்படிக் கேட்கும்?
இப்போதெல்லாம் காதில் பஞ்சு வைத்துப் படுக்கிறாள்.
அதுவும் ஓர் இரைச்சல் நீக்கி.

ஐந்தை மூன்றாக்கினேன்.
துல்லியம் தொண்ணூற்று நாலிலிருந்து தொண்ணூற்றொன்றுக்கு இறங்கியது.
கோடு நின்றது.
ஏன் குறைத்தாய் என்று
சுஹாஸ் ஷெணை சிவப்பில் கேட்டிருந்தான்.
நிறைய எழுதி, அழித்து,
கடைசியில்: 2093-ஐப் பெரிதாக்கிப் பார்.

பார்த்தானா, தெரியாது.
சில்க் போர்டில் பஸ் நகராத நாற்பது நிமிடமும்
கன்னத்தில் விரலை வைத்துக்கொண்டு
வாயைச் சற்றே திறந்திருந்தேன்,
பல்லோடு பல் படாமல்.
எதிர்சீட்டுக் குழந்தை
ஏதோ சொல்லப்போகிறேன் என்று
காத்திருந்தது.