பன்னிரண்டாவது தலை

பெண்டிகோவுக்கு வெளியே அயன்பார்க் காட்டில்
பன்னிரண்டு தலைகளை ஒளித்து வைத்திருக்கிறார்கள்.
உடம்பு கிடையாது.
நுரையில் வார்த்த தலை, அதில் ஒரு ஹெல்மெட்,
ஹெல்மெட்டின் மேல் நாங்கள் தைத்த உறை.

எண்பது மீட்டர் தள்ளி ஒரு மடக்குக் கதிரை.
கண்டால் கை தூக்க வேண்டும். அதுதான் சோதனை.
தூக்கினேன்.
"நாலு விநாடி" என்றான் லாக்லன்,
கடன்காரனிடம் கணக்குச் சொல்வது போல.

முதல் உறையில் நடுவே ஒரு தையல் ஓடியது,
நெற்றியிலிருந்து பிடரிவரை.
எந்த மரம் வகிடெடுத்துத் தலை வாரும்?
பிரித்தோம். தையலைக் காதுப்பக்கம் வளைத்து இறக்கினோம்.

அடுத்ததில் இடக்காதுக்கு மேல் ஒரு மண்ணிறத் திட்டு,
வலக்காதுக்கு மேலும் அதே திட்டு.
துணியின் அச்சு முழத்துக்கு ஒருமுறை
சொன்னதையே திரும்பச் சொல்லும்;
அடுக்கி வெட்டினால் துணி மிச்சம்.
ஆனால் ஒரே மாதிரி இரண்டு இருந்தால்
கண் அதைக் கண் என்றே எடுத்துக்கொள்ளும்.
கணக்குப்பிரிவு முகம் சுளிக்கத் தனித்தனியாய் வெட்டினேன்.

மூன்றாவதை வெயில் காட்டிக்கொடுத்தது:
விளிம்புக்குக் கீழே, கோடு போட்ட நிழல்.
அதற்கு மருந்து கண்டவள் நோ பாவ்.
பர்மா எல்லையில் பிறந்த கரென்காரி, என் பக்கத்து மெஷின்.
ஒரு திங்கட்கிழமை மகனின் சைக்கிள் ஹெல்மெட்டோடு வந்தாள்.
வெட்டுத்துணிகளை நாக்கு நாக்காய்,
ஒன்றைப்போல் ஒன்றில்லாமல்,
விளிம்பைச் சுற்றித் தொங்கவிட்டிருந்தாள்.
பெடியன் இனிப் போடமாட்டானாம், கோழி மாதிரி இருக்காம்.
நிழல் கந்தலாகி விழுந்தது.
தைத்தோம், துவைத்தோம்,
துவைத்ததும் நூல் மினுங்கியது, நூலை மாற்றினோம்.

மற்றவர்களுக்கு முப்பது விநாடி எடுப்பது
எனக்கு ஏன் நாலு, அவளுக்கு ஏன் ஐந்து
என்று லாக்லன் ஒருநாள் கேட்டான்.
உருண்டையைத் தேடுவோம் என்றேன்.
காட்டில் காய்க்காமல் உருண்டை இராது.
உண்மைதான்.
மீதி உண்மை, பதினொரு வயதில் எனக்குத் தந்த வேலை அது:
மற்றவர்கள் கிணற்றில் அள்ளி முடிக்கும்வரை
பனைகளுக்கு நடுவே பார்த்துக்கொண்டே நிற்பது.
நோ பாவ் அப்போது பொபினில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள்.
தலை நிமிரவில்லை.

இன்று ஏழாவது உறை.
பதினொரு தலையில் பழையது, ஒன்றில் புதியது.
பதினொன்றையும் காட்டிவிட்டேன்.
மற்றதற்கு அறுபது விநாடி.
நூறு.
கதிரைக் குழாயைப் பிடித்த கை ஈரமாயிற்று.
அங்கே ஒருவன் இருக்கிறான்,
அவனுக்கு நான் இருக்கிறேன்,
எனக்கு அவன் இல்லை.
இருநூறில் நிறுத்தி, விசிலடித்து,
"தேறிவிட்டது!" என்று தோளில் தட்டினான் லாக்லன்.
எழும்ப முடியவில்லை.
கால் விறைத்துப்போச்சு என்றேன்.

பின்னேரம் பொறுக்கி வண்டியில் ஏற்றும்போது
பதினொன்றுதான் இருந்தன.
வைத்தவனுக்கே வைத்த இடம் மறந்துபோயிற்று.
கடதாசியில் எழுதியிருந்தது, கட்டைக்கு இடப்புறம்.
இந்தக் காட்டில் எத்தனை கட்டை!
மூன்று பேரும் குனிந்து நடந்தோம்,
வாட்டில் பூ தோளில் உதிர,
பழைய தங்கக்குழிகளுக்கு விலகி விலகி.
வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது.

என் சப்பாத்தில் தட்டுப்பட்டது.
பற்றைக்குள் அல்ல, வெட்டவெளியில்,
நான் பார்த்துக்கொண்டேயிருந்த இடத்தில்.

கால் பட்டுவிட்டதே என்று
குனிந்து தொட்டு, விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.
பழக்கம்தான்.
நோ பாவ் பார்த்துவிட்டாள்.

"கிடைத்ததா?" என்று தூரத்தில் லாக்லன் கேட்டான்.
இரண்டு பேரும் உடனே வாய் திறக்கவில்லை.